கண்ணும் கருத்தும் சாலையிலே

'கரணம் தப்பினால் மரணம்' என்பது நம் முன்னோர் வாக்கு. கழைக்கூத்தாடிக்குச் சொன்ன அந்தப் பழமொழி இன்று சாலையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் தமிழகத்திற்கு. நடந்தவை 64,105 விபத்துகள். படிப்பிலும் விளையாட்டிலும் முதலிடத்தை நாடும் நாம் இந்த முதலிடத்தை ஒருநாளும் விரும்பமாட்டோம்.

விதியைப் பழிப்பது எளிது. ஆனால் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் மனிதரின் தவறான பழக்கங்களே. "நாம் பள்ளி மாணவியர், வண்டி ஓட்டும் உரிமமே இல்லை. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, தோழியரே! ஓட்டுபவரின் கவனத்தைக் காப்பதும் கலைப்பதும் பல வேளைகளில் பின்னால் அமர்ந்திருக்கும் நம்மிடமே உள்ளது.

கவனம் சிதறுவது எப்படி?

வண்டி ஓட்டுபவருக்குக் கண், கை, கருத்து ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து உழைக்க வேண்டும். சுவரொட்டியை வேடிக்கை பார்த்தால் கண் விலகுகிறது. ஒரு கையால் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்தால் கை விலகுகிறது. வீட்டுக் கவலையிலோ கோபத்திலோ மூழ்கினால் கருத்து விலகுகிறது. இம்மூன்றையும் ஒரே நேரத்தில் பறித்துக்கொள்வது கைப்பேசி. அதனால்தான் அது மற்ற எல்லாவற்றையும்விடக் கொடியது. காதில் கருவியைப் பொருத்திப் பேசினால் ஆபத்தில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். கை விடுபட்டாலும் கருத்து விடுபடுவதில்லை. கண் எதிரே நிற்பதைப் பார்த்தாலும் மனத்தில் அது பதிவதில்லை.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியில் வந்த செய்தியை மூன்று நொடி பார்த்தால் 33 மீட்டர் போய்விடும். எட்டு மீட்டர் நீளமுள்ள நான்கு வகுப்பறைகளை வரிசையாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றின் ஊடே வண்டி ஓட்டுவதற்கு இது சமம்.

விழிப்புடன் இருப்பவருக்கும் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதன் பிறகும் வண்டி உடனே நிற்பதில்லை. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோம். ஆகவே, பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் நான்கு மடங்காகிறது. மழைத்துளி விழுந்த புதிதில் சாலையின் தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும்போது அது இன்னும் மிகும்.

இத்தனை ஆபத்துக்கும் கிடைக்கும் லாபம் என்ன? ஐந்து கிலோமீட்டர் தூரத்தை 40-இல் செல்வதற்குப் பதில் 60-இல் சென்றால் மிச்சமாவது இரண்டரை நிமிடமே!

அடையாளங்களை அறிவோம்

நேராகச் செல்ல வேண்டிய வண்டி இருபுறமும் அலைந்தாலோ, காரணமின்றி வேகம் குறைந்து பின் திடீரென்று கூடினாலோ, பச்சை விளக்கு எரிந்தும் நகராமல் நின்றாலோ, ஓட்டுபவரின் கவனம் வேறெங்கோ உள்ளது என்று அறியலாம். அடிக்கடி கொட்டாவி விடுவதும், கண்ணைக் கசக்குவதும், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவதும் தூக்கத்தின் அடையாளங்கள். தூக்கத்திற்குப் பாட்டும் பேச்சும் மருந்தல்ல. வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்கி எழுவதே மருந்து. மது அருந்தியவர் ஓட்டும் வண்டியில் ஏறாமலிருப்பதே அறிவுடைமை.

அன்றாடம் காணும் தவறுகள்

தலைக்கவசத்திற்கும் காதுக்கும் இடையே கைப்பேசியைச் செருகிப் பேசுவது, கவசத்தை அணிந்தும் வாரைப் பூட்டாமல் விடுவது, சைடு ஸ்டாண்டை மடக்காமல் புறப்படுவது, ஸ்கூட்டரின் முன்னால் குழந்தையை நிற்கவைப்பது, பின்னால் அமர்ந்தவர் குடை விரிப்பது, பின்னால் பாராமல் கார்க் கதவைத் திறப்பது ஆகியவை நாம் நாள்தோறும் காண்பவை. விரித்த குடை காற்றில் பாய்போல் விரிந்து, பிடித்தவரைக் கீழே தள்ளிவிடும். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் நொடியில் உயிருக்கே ஆபத்து. இதற்காகவே பின்சக்கரத்தில் பாதியேனும் மறையும்படி தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகுக்காக அதைக் கழற்றுவது அறியாமை.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வண்டியில் தலைக்கவசம் அணிய வேண்டும். பின்னால் அமர்பவருக்கு விலக்கில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் உரிமமின்றி வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. "தெரு முனைக்குத்தானே" என்று ஸ்கூட்டர் சாவியைத் தரும் பெற்றோர் இதை நினைவில் கொள்வது நலம்.

நம் பங்கு

அப்பா வண்டியில் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் "எங்கே வருகிறீர்கள்?" என்று அழைக்காதிருப்போம். நம்மை ஏற்றிச் செல்லும்போது அவருடைய கைப்பேசியை வாங்கி நம் பையில் வைத்துக்கொள்வோம். அழைப்பு வந்தால், "அப்பா வண்டி ஓட்டுகிறார், பிறகு பேசுவார்" என்று நாமே சொல்வோம். காரில் பின்னிருக்கையிலும் சீட் பெல்ட்டைப் பூட்டுவோம். பள்ளி வேனில் கூச்சலிட்டு ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்க வைக்காதிருப்போம். தலைவாரவும் புத்தகம் அடுக்கவும் முந்தைய இரவே ஆயத்தமானால், காலையில் வீட்டாரை விரைவுபடுத்த வேண்டிய தேவையும் நேராது. பெரியவர்கள் தவறு செய்யக் கண்டால் பணிவோடு, "மெதுவாகப் போகலாம், அப்பா" என்று சொல்வோம். பிள்ளையின் சொல்லுக்கு இளகாத பெற்றோர் இல்லை.

பள்ளி மணி அடித்த பின் வந்தால் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும், மறுநாள் மறந்துபோகும். வராமலே போய்விட்டால் வகுப்பில் ஓர் இருக்கையும் வீட்டில் ஓர் இலையும் என்றைக்கும் வெறுமையாகிவிடும். ஆதலால் நிதானமாகச் செல்வோம். நலமாக வீடு சேர்வோம்.