சிறு தீவுகளும் சிறப்பு மருத்துவமும்



மாசிக் கருவாட்டின் வாயிலாக மாலத்தீவை நம் இல்லத்துப் பெண்மணிகள் நன்கறிவர். தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகச் சரக்கேற்றிச் சென்ற நாடு அது. ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. மொத்த மக்கள்தொகையோ சுமார் 5 இலட்சம்தான்.

இத்தகைய நாட்டில் தீவுக்கொரு மூளை அறுவை நிபுணரை அமர்த்த இயலுமா? ஊதியம் ஒருபுறம் இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டொரு நோயாளியையே காணும் மருத்துவரின் கைத்தேர்ச்சி மங்கிவிடுமன்றோ? சிறு நாடுகளில் சிறப்பு மருத்துவம் வேரூன்றாமைக்கு வறுமை மட்டுமே காரணமன்று. நோயாளிகளின் எண்ணிக்கைக் குறைவும் காரணமாகும்.

தலைநகர் மாலேயில் 1995-ல் இந்திய உதவியுடன் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2012-ல் ஆசந்தா என்னும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. உள்நாட்டில் கிடைக்காத சிகிச்சைக்காக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் செல்வோரின் செலவை அது ஏற்கின்றது.

தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் அதன் கூற்றைத் தம் உடலில் சுமக்கின்றனர். தாய், தந்தை இருவருமே சுமப்பவராயின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. கடுமையான நோயுற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அதற்காக மாதந்தோறும் விமானம் ஏற முடியுமா? அதனை அருகிலேயே செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் கடல் கடந்து போகலாம். எதை அருகில் வைத்துக்கொள்வது, எதை அண்டை நாட்டோடு பகிர்ந்துகொள்வது என்னும் பிரிவினையில்தான் விஷயம் இருக்கின்றது.

நோயாளியை அனுப்புவது ஒரு வழியே. துணைக்குச் செல்பவரின் தங்குமிடம், உணவு, இழந்த வருமானம் எல்லாம் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். பசிபிக் தீவுகள் வேறொரு வழியும் கண்டன. 1875-ல் தட்டம்மை பிஜி மக்களில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. பத்தாண்டுகளில் சுவா நகரில் மருத்துவப் பள்ளி எழுந்தது. 1928 முதல் பிற தீவுகளின் மாணவர்களும் அங்கே பயின்றனர். 1998-ல் நிபுணர் பட்டப்படிப்பும் வந்தது. 1995 முதல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் குழுக்கள் தீவுகளுக்குச் சென்று, உள்ளூர் மருத்துவரோடு சேர்ந்தே அறுவை செய்தன. நிபுணர் போனபின்பும் வித்தை அங்கேயே நிற்பதால், இம்முறையே மேலானதென்பது என் எண்ணம்.

தீவுக் கதை நமக்கெதற்கு என்பீரோ? எம். புதுப்பட்டியைச் சுற்றிக் கடல் இல்லைதான். ஆயினும் இப்பட்டாசுப் பூமியில் தீப்பட்டவருக்கு அந்தக் கணக்கே பொருந்தும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுங்காயமுற்றோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தோல் ஒட்டு அறுவை மதுரையில் நடக்கட்டும். அது நிபுணர் வேலை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும்?

முன்னதாகச் செய்ய வேண்டியது, புண்ணின்மீது ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுவது. மையோ மாவோ பற்பசையோ பூசலாகாது. பின்னதாக, ஆறும் தோல் சுருங்கி விரலையும் முழங்கையையும் மடக்கிவிடாதிருக்க, மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி தேவை. தினக்கூலியை இழந்து அதற்காக எத்தனை முறை மதுரைக்குப் பேருந்து ஏறுவார்? ஆகவே, வீடு திரும்பும் நாளிலேயே சிகிச்சைச் சுருக்கச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். இப்பயிற்சியைச் சிவகாசியிலோ விருதுநகரிலோ எங்கே தொடரலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.