ஜூனிபர் குறுஞ்செடி வளர்ப்பு

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீட்டு வாசலுக்கும் கோயில் நந்தவனத்துக்கும் அழகாயிருக்குமென்று எண்ணி, ஜூனிபர் என்னும் பசுமை மாறாக் குறுஞ்செடியை விலை கொடுத்து வாங்குவோர் உளர். அவற்றிற் பல அடுத்த கார்த்திகைக்குள் பழுப்பேறிக் கருகிவிடுகின்றன. நோயென்று மருந்து தெளிப்பது வீண் செலவு. பெரும்பாலும் காரணம் நீரே.

இமயமலையில், மரங்கள் நின்றுபோகும் உயரத்திற்கு மேலும் ஜூனிபர் புதராய்ப் படரும். அங்குள்ளோர் அதன் இலையைத் தூபமிடுவர். கல்லிலும் சரளையிலும் பழகிய வேர், நமது ஏரிப்பாசனக் களிமண்ணில் ஐப்பசி மழை தேங்கினால் அழுகும். ஆகவே தரையில் நடாமல், வாய் 14 அங்குலமுள்ள மண்தொட்டியில், செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, மக்கிய இலையெரு 1 பங்கு கலந்து வைப்பதே உத்தமம். அடித்துளை அடைபடாதபடி ஓட்டுச்சில் இடுக. விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தாலன்றி நீர் விடலாகாது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் நிழல் அவசியம்.

வறண்ட மாதங்களில் சிவப்புச் சிலந்தி பற்றும். வெள்ளைக் காகிதத்தின்மேல் கிளையை உதறினால் நகரும் புள்ளிகளாய்த் தெரியும். காலையில் இலைகளின்மேல் நீரை வேகமாய்ப் பீச்சுக.

கத்தரிக்கையில் பச்சை நுனியை மட்டும் தொடவேண்டும். இலையற்ற பழைய கொம்பில் வெட்டினால் அவ்விடம் மறுபடி துளிர்க்காது. மருதாணியைப்போல் எண்ணி இதைக் கழித்தவர்களுக்கு மொட்டைக் கொம்பே மிச்சம்.

வேலிக்கு ஆடுமாடு கடிக்காத நொச்சியே போதும். ஜூனிபரை விரும்புவோர் முதலில் ஒரு செடி வாங்கி, ஒரு மழைக்காலம் தாண்டியபின் மேற்கொண்டு வாங்குக.