கிரேக்கப் பேராசிரியர்களும் மொழிப் பூசலும்

ஒரு நாட்டில் இலக்கியப் பேராசிரியராக உயர விரும்புகிறவருக்கு என்ன தகுதி வேண்டும்? பழைய நூல்களில் தோய்ந்த புலமை, ஆராய்ச்சித் திறன், மாணவரை ஈர்க்கும் சொல்வன்மை ஆகியவை வேண்டும் என்று நாம் விடை கூறுவோம். கிரேக்க நாட்டிலோ, நெடுங்காலம் இவற்றோடு இன்னொன்றும் பார்க்கப்பட்டது. அவர் எந்தக் கிரேக்க மொழியில் எழுதுகிறார் என்பதே அது. ஹோமரை எவ்வளவு ஆழ்ந்து கற்றிருந்தாலும், மக்கள் பேசும் மொழியில் அவரைப் பற்றி எழுதிய பேராசிரியர் பதவிக்கு இடையூறு நேரலாம். இந்நிலை ஏன் உண்டாயிற்று, அறிஞர்கள் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சிறிது காண்போம்.

துருக்கியப் பேரரசினின்றும் விடுதலை பெறுவதற்கான போர் 1821-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. புதிய அரசு 1837-இல் ஏதென்ஸ் நகரில் பல்கலைக் கழகத்தை நிறுவிற்று. அந்நாளில் கிரேக்க மக்களின் வீட்டு மொழி, பிளேட்டோ எழுதிய மொழியினின்றும் வெகு தூரம் மாறியிருந்தது. பண்டைப் பெருமையை மீட்க விழைந்த கற்றோர், பழைய சொற்களையும் விகுதிகளையும் ஏற்றி, ஓர் எழுத்து மொழியை உருவாக்கிக் கொண்டனர். அதற்குக் கதரேவுசா என்று பெயர். தூய்மை என்னும் பொருள் தரும் சொல்லடியாகப் பிறந்தது அது. மக்கள் மொழியோ திமோதிகி எனப்பட்டது. ஏட்டு வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் கிரேக்க நாட்டில் அவ்வேறுபாடு அரசியல் கட்சிகளையும், நீதி மன்றங்களையும், பல்கலைக் கழக அவைகளையும் பிளந்தது.

தூய மொழியை ஆதரித்தோர் அனைவரும் அறியாமையால் அவ்வாறு செய்தனர் என்று நாம் எண்ணுதல் கூடாது. ஏதென்ஸ் பல்கலைக் கழகத்தின் மொழியியல் பேராசிரியரான ஹத்சிதாகிஸ் (1848–1941), இன்றைய பேச்சு மொழி அலெக்சாந்தர் காலத்திற்குப் பின் பரவிய பொதுக் கிரேக்க மொழியின் வழித்தோன்றல் என்பதை நிலைநாட்டியவர். அவரே எழுத்தில் கதரேவுசா நிலைக்க வேண்டும் என்று வாதிட்டார். மொழியை மாற்றினால் பண்டை நூல்களுக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள பாலம் அறுந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது.

அந்த அச்சம் தெருவிலும் வெடித்தது. 1901-இல், விவிலியத்தின் நற்செய்தியை மக்கள் மொழியில் பெயர்த்து ஒரு நாளிதழ் வெளியிடவே, ஏதென்ஸ் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். எட்டுப் பேர் உயிரிழந்தனர்; அரசாங்கமும் தலைமைப் பேராயரும் பதவி விலகினர். 1903-இல் ஈஸ்கிலஸ் இயற்றிய நாடகத் தொகுதி எளிய மொழியில் அரங்கேறியபோது மீண்டும் கலகம் மூண்டது. மாணவரைத் தூண்டியவர் மிஸ்திரியோதிஸ் என்னும் இலக்கியப் பேராசிரியர். நாடகத்தை மொழிபெயர்த்த சோதிரியாதிஸ் என்பவரும் ஒரு வரலாற்றறிஞரே. ஒரு மொழிபெயர்ப்புக்காக உயிர்கள் போயின என்பது, மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எம் போன்றோரைத் திடுக்கிட வைக்கும் செய்தியாகும்.

1911-இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், அரசாங்க மொழிக்குக் காப்பு அளித்தது. பேராசிரியர்களோ அரசு ஊழியர்கள். ஆகவே மக்கள் மொழியில் எழுதுவது ஒழுங்கு மீறலாகக் கருதப்பட இடமுண்டாயிற்று. 1896-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற்குப் பாடல் இயற்றிய கவிஞர் கோஸ்தீஸ் பலமாஸ் அப்போது ஏதென்ஸ் பல்கலைக் கழகத்தின் செயலாளராக இருந்தார். மக்கள் மொழியை ஆதரித்த காரணத்தால் அவ்வாண்டிலேயே அவர் தற்காலிகமாகப் பணியினின்றும் விலக்கி வைக்கப்பட்டார்.

தலைநகரில் கதவு அடைபட்டபோது வடக்கே ஒரு கதவு திறந்தது. தெசலோனிகி நகரில் 1926-இல் இரண்டாவது பல்கலைக் கழகம் பணி தொடங்கிற்று. அங்கே மொழியியல் பேராசிரியராக அமர்ந்தவர் திரியந்தபில்லிதிஸ் (1883–1959). இவர் 1917-இல் வெனிசெலோஸ் அரசாங்கத்தின் கல்விச் சீர்திருத்தத்தில் பங்கு கொண்டு, தொடக்கப் பள்ளிகளில் மக்கள் மொழிப் பாடநூல்கள் வரச் செய்தவர். 1920-இல் ஆட்சி மாறியதும், அந்நூல்களை எரித்துவிட வேண்டும் என்று ஒரு குழு பரிந்துரைத்தது. அவர் சோர்வடைந்துவிடவில்லை. அவர் தலைமையில் உருவான மக்கள் மொழி இலக்கணம் 1941-இல் வெளிவந்தது.

அதே ஆண்டில்தான் ஏதென்ஸில் ஒரு விந்தையான வழக்குத் தொடங்கிற்று. அவ்வழக்கின் நாயகர் யோவான்னிஸ் காக்ரிதிஸ் (1901–1992). தெசலோனிகியில் கற்பித்துவிட்டு ஏதென்ஸ் பல்கலைக் கழகத்திற்கு வந்த கிரேக்க இலக்கியப் பேராசிரியர் இவர். கிரேக்க எழுத்தில் பழங்காலந்தொட்டு மூன்று அழுத்தக் குறிகளும் இரண்டு மூச்சுக் குறிகளும் இடப்பட்டு வந்தன. பண்டைக் காலத்தில் குரல் ஏறி இறங்கியதை அழுத்தக் குறிகள் காட்டின. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்வேறுபாடுகள் நாவிலிருந்து மறைந்தன. குறிகள் மட்டும் தாளில் எஞ்சி நின்றன. ஒருவர் படிக்கக் கேட்கும்போது அவ்வேறுபாடுகளை நம் செவி அறியவே முடியாது. காக்ரிதிஸ் தமது நூல் ஒன்றை மக்கள் மொழியில் எழுதி, ஒரே அழுத்தக் குறியுடன் அச்சிட்டிருந்தார். உடன் பணியாற்றிய பேராசிரியர்கள் இதனைக் குற்றமெனக் கூறி முறையிட்டனர்.

ஜெர்மானியப் படை ஏதென்ஸைக் கைப்பற்றியிருந்த காலம் அது. 1941-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பஞ்சத்தால் மக்கள் தெருக்களில் மடிந்து கொண்டிருந்தனர். அந்நிலையிலும் குறிகளைப் பற்றிய விசாரணை நடந்தது! 1942-இல் அவருக்கு இரண்டு மாதத் தற்காலிகப் பணி விலக்கம் தண்டனையாக விதிக்கப்பட்டது. வரலாற்றில் இது 'அழுத்தக் குறிகளின் வழக்கு' என்றே பெயர் பெற்றது.

தண்டனை அவர் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. ஹோமருக்கு முன்பே வழங்கிய கதைகளை அக்கவிஞர் எவ்வாறு எடுத்தாண்டார் என்பதை விளக்கும் அவரது ஆய்வு, 1949-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து மேனாட்டறிஞரின் மதிப்பைப் பெற்றது. நாவலாசிரியர் நிகோஸ் கசன்சாகிஸுடன் சேர்ந்து அவர் மக்கள் மொழியில் பெயர்த்த இலியட் 1955-இலும், கசன்சாகிஸ் மறைந்த பின் ஒடிஸி 1965-இலும் வெளியாயின. பண்டை நூல்களை மக்களிடமிருந்து பிரிப்பவர் என்று பழிக்கப்பட்டவர், அவற்றை மக்களின் நாவிற்கே கொண்டு சேர்த்தார்.

பல்கலைக் கழகப் பதவியின்றியே புலமைத் துறையில் ஓங்கியவர்களும் உண்டு. திமாராஸ் (1904–1992) 1948-இல் வெளியிடத் தொடங்கிய நவீன கிரேக்க இலக்கிய வரலாறு, அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. அவருக்குத் தாய்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் இலக்கியப் பேராசிரியர் நாற்காலி கிட்டவில்லை. நாளிதழ்க் கட்டுரைகளும் ஆராய்ச்சி நிறுவனப் பணியுமே அவருக்குக் களமாயின. இறுதியில் பாரிஸ் நகரின் சொர்போன், 1970-இல் தன் நவீன கிரேக்க ஆய்வுக் கழகத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது.

1967 முதல் 1974 வரை ஆண்ட இராணுவ அதிகாரிகள் கதரேவுசாவைப் பள்ளிகளில் மீண்டும் வலியுறுத்தினர். அவ்வாட்சி வீழ்ந்தபின், 1976-இல் சட்டம் மக்கள் மொழியைக் கல்வி மொழியாக ஏற்றது. 1982-இல் ஒற்றைக் குறி முறையும் சட்டமாயிற்று. காக்ரிதிஸ் தண்டனை பெற்று நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் அதனைக் கண்ணாரக் காண உயிரோடிருந்தார். பாலம் அறுந்துவிடும் என்று அஞ்சியவாறு எதுவும் நேரவில்லை. கிரேக்கப் பள்ளி மாணவர்கள் பழங்கிரேக்கத்தை இன்றும் பயில்கின்றனர்.

அரசாணையையும் அறிக்கையையும் தமிழாக்கும் எமக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதாகத் தோன்றவில்லை. ஏட்டுக்குரிய சொல்லா, எளியவர்க்குப் புரியும் சொல்லா என்ற வினா எம் மேசைக்கு நாள்தோறும் வருகின்றது. அவ்வினாவிற்கு விடை காணும்போது, பழமையைப் போற்றுவோரும் மக்கள் மொழியை நாடுவோரும் ஒருவர் புலமையை மற்றவர் மதித்து வாதிடுதல் வேண்டும். எழுத்தின் மேல் இடும் குறிக்காக ஓர் ஆசிரியரின் பதவியைப் பறிக்க முற்பட்டால், நட்டம் அந்த ஆசிரியரோடு நின்றுவிடுவதில்லை; அவரிடம் கற்க வந்த மாணவரையும் அது சேர்கின்றது.