கடைசிப் பத்து மீட்டர்

2000-ஆம் ஆண்டு மே 3. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டுப் பாதையோரமாக டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். வாளிக்குள் சில புத்தகங்கள், வீடியோக்கள், ஒரு கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ், கூடவே ஒரு குறிப்பேடு. வீட்டுக்குப் போய், அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார்:

வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'.

வழி சொல்லவில்லை, மரத்தையோ பாறையையோ அடையாளம் காட்டவில்லை. கண்டுபிடிப்பவர் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு, நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் விதி. மூன்றே நாளில் இரண்டு பேர், கையில் ஜி.பி.எஸ். கருவியோடு போய் வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இப்படிப் பிறந்த விளையாட்டுக்குத்தான் ஜியோகேச்சிங் என்று பெயர். ஒளித்து வைக்கும் பெட்டி ‘கேச்’. இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட கேச்கள் ஒளிந்திருக்கின்றன.

அது ஏன் 2000, மே 3?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வானில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றை நடத்தும் அமெரிக்கா, பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. எதிரி நாட்டுப் படைகள் பயன்படுத்திவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். ஒரு கால்பந்து மைதான அளவுள்ள காட்டில் ஒரு வாளியைத் தேட முடியுமா?

2000, மே மாதத் தொடக்கத்தில் அதிபர் பில் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில், பொதுமக்களிடம் இருந்த எல்லா ஜி.பி.எஸ். கருவிகளும் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. உண்மையிலேயே துல்லியமாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கத்தான் உல்மர் வாளியோடு கிளம்பினார். ஓர் அறிவியல் சோதனைதான் விளையாட்டாக மாறியது!

கருவிக்கு இடம் எப்படித் தெரிகிறது?

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பீர்கள். மூன்று விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி வெட்டியது என்று கணக்கு. ஒலி வந்து சேரப் பிடித்த நேரத்தைத் தூரமாக மாற்றுகிறோம். ஜி.பி.எஸ். கருவியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஒலிக்குப் பதில் ரேடியோ அலை.

பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று அவை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாயும். ஆகவே உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் செய்தி, ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் கருவிக்கு வந்துவிடும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரியும்.

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு சிக்கல். கருவிக்குள் இருப்பது கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோவிநாடி, பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும்! எனவே நான்காவதாக ஒரு செயற்கைக்கோளையும் கேட்டு, தன் கடிகாரத்தைக் கருவி திருத்திக்கொள்கிறது. குறைந்தது நான்கு தேவை என்று சொல்வது இதனால்தான்.

இதில் ஐன்ஸ்டைனுக்கும் பங்கு உண்டு. அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு குறைவு. செயற்கைக்கோளின் வேகமோ அதிகம். இரண்டின் விளைவையும் கூட்டிக் கழித்தால், மேலே இருக்கும் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும் என்று சார்பியல் கோட்பாடு சொல்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிசகிவிடும்.

எண்ணைச் சரியாகப் படியுங்கள்

உல்மரின் எண்ணை மறுபடி பாருங்கள்: 45° 17.460'. இது 45 பாகை, 17.460 கலை. இங்கேதான் புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவார்கள். கருவியில் ‘பாகை, கலை, விகலை’ என்ற முறை போட்டிருந்தால், 17 கலை 46.0 விகலை என்று பதிந்துவிடத் தோன்றும். ஆனால் ஒரு கலைக்கு 60 விகலை. 0.460 கலை என்பது 27.6 விகலைதான். வித்தியாசம் 18.4 விகலை. வடக்குத் தெற்காக ஒரு விகலை ஏறக்குறைய 31 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: அரைக் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள்! கருவியில் ஒரு குறையும் இருக்காது.

அதனால் கருவியை வாங்கியதும் அமைப்புகளில் இரண்டைச் சரிபாருங்கள். எண் முறை ‘பாகை, தசமக் கலை’ என்று இருக்க வேண்டும். ‘டேட்டம்’ என்ற இடத்தில் டபிள்யூ.ஜி.எஸ். 84 இருக்க வேண்டும். பூமியின் வடிவத்தை எப்படிக் கணக்கிட்டு எண் கொடுக்கிறோம் என்பதைச் சொல்வது டேட்டம். வேறொன்று போட்டிருந்தால் அதே எண் வேறிடத்தைக் காட்டும்.

எந்தக் கருவியை வாங்குவது?

ஊருக்குள் தேடுவதென்றால் அப்பா அம்மாவின் கைப்பேசியே போதும். அதிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. காடு, மலை, மழை என்று போகும்போதுதான் கைக்கருவியின் அருமை தெரியும். கையுறை போட்டாலும் அழுத்த முடிகிற பட்டன்கள், வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை, கீழே விழுந்தாலும் தாங்கும் உடல் ஆகியவை அதற்கென்றே அமைந்தவை. இந்த ஐந்தை மட்டும் பாருங்கள்:

பேட்டரி: கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு பென்டார்ச் பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும். பேட்டரி தீர்ந்தால் பையிலிருந்து வேறு இரண்டை எடுத்துப் போட்டு நடையைத் தொடரலாம். சார்ஜ் போட இடமில்லாத காட்டில் இது பெரிய உதவி.

தண்ணீர்: ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள்.

ஆன்டெனா: இரண்டு வகை உண்டு. தட்டையான ஆன்டெனா உள்ள சின்னக் கருவியை, திரை வானத்தைப் பார்க்கும்படி உள்ளங்கையில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். மேலே கட்டைவிரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனா உள்ளதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் விதத்தை மாற்றினாலே சிக்னல் கூடுவதைத் திரையில் பார்க்கலாம்.

காந்த உணரி: ஜி.பி.எஸ்.ஸுக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது தெரியாது. நடந்தால்தான் முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டுத் திசை சொல்லும். நின்றுகொண்டே திசை பார்க்க, காந்த உணரியால் இயங்கும் மின்னணுத் திசைகாட்டி வேண்டும். ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் அது இல்லை, 32எக்ஸில் இருக்கிறது. இருந்தால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வகைச் செயற்கைக்கோள்: ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்கும் கருவிக்கு வானம் பாதி மறைந்த இடத்திலும் போதிய சிக்னல் கிடைக்கும். நம் இஸ்ரோவின் நாவிக் சிக்னலைக் கேட்கும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி இன்னும் மேல். மேல் வளிமண்டலம் ஒவ்வோர் அலைவரிசையையும் ஒவ்வோர் அளவு தாமதப்படுத்தும். இரண்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு தாமதம் என்று கண்டுபிடித்துக் கழித்துவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: சில விலையுயர்ந்த கருவிகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்திருக்கும். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அப்படிப்பட்டதை வைத்திருக்கக் கூடாது. வாங்கும் முன் விசாரியுங்கள்.

களத்தில்

கருவியை நெடுநாள் கழித்து இயக்குகிறீர்களா? திறந்த வெளியில் சில நிமிடம் அப்படியே வைத்திருங்கள். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற புது விவரத்தை அது வானிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மரத்தடிக்குப் போன பிறகு இயக்கினால் வெகு நேரம் திணறும்.

அடுத்தது, கேச்சின் எண்ணைப் பதிந்ததும் திரையில் தோன்றும் அம்புக்குறி காட்டும் வழியிலேயே கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. அம்பு காட்டுவது நேர்கோடு. நடுவில் ஓடை இருக்கலாம், பள்ளம் இருக்கலாம். பாதையிலேயே நடந்து, தூரம் குறைகிறதா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். திரையில் தூரம் 40, 25, 15 என்று குறைந்து, பத்து மீட்டருக்குள் வந்ததும் அம்பு திடீரென்று பின்னால் திரும்பும். இரண்டு அடி வைத்தால் இடப்பக்கம் காட்டும். கருவி கெட்டுவிட்டதா? இல்லை. திறந்த வெளியில்கூட அதன் பிழை மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை இருக்கும். ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சும். பாறையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை நீண்ட வழியில் வருவதால் தூரம் கூடுதலாகத் தெரியும். அங்கெல்லாம் பிழை பெருகும். பெட்டியை ஒளித்தவரின் கருவியிலும் இதே அளவு பிழை இருந்திருக்குமே! அவருடையது ஐந்து, உங்களுடையது ஐந்து: மொத்தம் பத்து மீட்டர்.

ஆகவே பத்து மீட்டர் வந்ததும் நின்றுவிடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் எண் ஓரளவு நிலைக்கும். பிறகு கொஞ்சம் விலகிப் போய், வேறு இரண்டு திசைகளிலிருந்து நெருங்கி வாருங்கள். மூன்று முறையும் அம்பு காட்டிய கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கே கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை வேலை செய்ய விடுங்கள். இயற்கையாகக் கிடக்காத மாதிரி அடுக்கிய கற்கள், மரப்பொந்தை மூடிய பட்டை, வேலிக் கம்பத்தில் பொருந்தாத ஒரு மூடி... எது ‘இங்கே பொருந்தவில்லை’ என்று தோன்றுகிறதோ, அதைப் பாருங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் இந்தக் கடைசிப் பத்து மீட்டரை உங்களுக்காக நடக்காது. தன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கும் என்று தெரிந்தவரே நல்ல விஞ்ஞானி. நல்ல கேச் தேடுபவரும் அவரே.

விளையாட்டின் ஒழுங்கு

உல்மர் வாளியைப் பாதி புதைத்தார். இன்றைய விதிப்படி கேச்சுக்காக அனுமதியின்றி மண்ணைத் தோண்டக் கூடாது. உணவுப் பொருளும் வைக்கக் கூடாது. மோப்பம் பிடித்து விலங்குகள் வந்துவிடும். இரண்டு கேச்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமான, அல்லது அதைவிட நல்ல ஒன்றை வையுங்கள். பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வையுங்கள். வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவது இந்த விளையாட்டில் பெருமைக்குரிய பழக்கம்.

பெட்டியிலிருந்து பெட்டிக்குப் பயணம் போகும் எண் பொறித்த சின்ன உலோகத் தகடுகளும் உண்டு. 2008-இல் விண்வெளிப் பயணி ரிச்சர்ட் காரியட் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒரு கேச் வைத்தார். 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியிலும் அந்தத் தகடுகளில் இருப்பது போன்ற, தடம் பார்க்கும் எண் ஒன்று போயிருக்கிறது!

பொந்துக்குள் நேரடியாகக் கையை விடாதீர்கள்; குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்போ தேளோ இருக்கலாம். தனியார் இடத்துக்கும் காப்புக்காட்டுக்கும் அனுமதியில்லாமல் போகக் கூடாது. தண்டவாளப் பக்கம் போகவே வேண்டாம். பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்

கருவி வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மைதானத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். பெரியவரின் கைப்பேசியில் இடத்தின் ஆயத்தொலைவு எண்களைக் காட்டும் செயலியைத் திறந்து, அந்தப் புள்ளியில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என ஆறு முறை குறியுங்கள். கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு 0.001 கலை என்று வைத்து ஆறு புள்ளிகளையும் போடுங்கள். தமிழ்நாட்டில் ஒரு கட்டம் என்பது இரு திசையிலும் ஏறக்குறைய 1.8 மீட்டர். புள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன? அடுத்து ஒரு பெரிய மரத்தடியில், பிறகு பள்ளிச் சுவரோரம் இதையே செய்யுங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே சிதறல் அதிகம், ஏன் என்று வகுப்பில் பேசுங்கள். உங்கள் கருவியின் பிழை எவ்வளவு என்பதை நீங்களே அளந்துவிட்டால், நீங்கள் தேடத் தயார்.