69 புள்ளி எடுத்தும் தோல்வி!

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவரே 69 புள்ளிகள் எடுத்துவிட்டால் அந்த அணி தோற்குமா? தோற்றது. 1970 பிப்ரவரி 7ந் தேதி அமெரிக்காவில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் பீட் மாராவிச், அலபாமா பல்கலைக்கழகத்துக்கு எதிராக 69 புள்ளிகள் குவித்தார். ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த கணக்கு: அலபாமா 106, லூயிசியானா 104. இரண்டு வாரம் கழித்துக் கெண்டக்கியுடன் மோதியபோது 64 புள்ளிகள் எடுத்தார். அதிலும் தோல்விதான், 121க்கு 105.

கல்லூரி ஆட்டம் மொத்தமே 40 நிமிடம். தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி அந்த நாளில் இல்லை. எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியின் பிரதான அணியில் இடம் கிடையாது. ஆகவே அவருக்குக் கிடைத்தது மூன்றே ஆண்டு. அதில் 83 ஆட்டங்கள், 3,667 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 44.2. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இந்தச் சராசரியை இன்று வரை எவரும் தொடவில்லை.

அப்பாவே கோச்

பீட்டைச் சுயநலக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு நியாயமாகாது. அணியின் பயிற்சியாளர் அவருடைய தந்தை பிரஸ் மாராவிச். மகன் கூடையை நோக்கி எறிய வேண்டும், மற்ற நால்வரும் அதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும் என்பது தந்தை போட்ட திட்டம். மகன் ஆட்டத்துக்குச் சராசரி 38 முறை எறிந்தார். முதுகுக்குப் பின்னாலும் கால்களுக்கு நடுவிலும் பந்தைக் கொடுக்கும் வித்தையும் அவருக்குக் கைவந்ததுதான்.

அவர் வருவதற்கு முந்திய பருவத்தில் அந்த அணி வென்றது 3, தோற்றது 23. வந்த பிறகு 14 வெற்றி, 12 தோல்வி. மறு ஆண்டு 13க்கு 13. கடைசி ஆண்டு 22க்கு 10. முன்னேற்றம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தேசியப் போட்டிக்கு அன்று ஒவ்வொரு பிராந்தியக் கூட்டமைப்பிலிருந்தும் முதலிடம் பெற்ற கல்லூரிக்கே இடம். அந்த மூன்று ஆண்டும் முதலிடம் கெண்டக்கிக்குப் போயிற்று. தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே பீட் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

ஆபீசுக்கு வரும் எல்லாக் கடிதத்துக்கும் தாமே பதில் எழுதும் ஹெட்கிளார்க்கைப் பார்த்தவர்களுக்கு அந்த நால்வரின் நிலை புரியும். மற்றவர்களும் சீட்டில்தான் இருப்பார்கள். வேலை மட்டும் அவர்கள் கையில் இருக்காது. அவர் லீவு போட்ட அன்று குட்டு வெளிப்படும்!

உயரமானவரின் கணக்கு

அதே ஆண்டுகளில் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேறு விதமாக ஆடிக் கொண்டிருந்தார்கள். அங்கே பயிற்சியாளர் ஜான் உடன். காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்பதுதான் அவருடைய முதல் பாடம். கூடையில் பந்தைப் போட்டவர், அதைத் தமக்குக் கொடுத்தவரை விரலால் சுட்டியோ தலையை அசைத்தோ நன்றி தெரிவிக்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம்.

அங்கே ஏழு அடிக்கு மேல் உயரமான லூ அல்சிண்டர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக் கொண்டு, தொழில்முறை ஆட்டத்தில் 38,387 புள்ளிகள் எடுத்து, 2023 வரை சாதனையைத் தம் வசம் வைத்திருந்தவர் இவரே. பிரதான அணியில் முதல் ஆட்டத்திலேயே 56 புள்ளிகள். வேண்டுமென்றிருந்தால் தினம் அப்படி எடுத்திருக்கலாம். ஆனால் அவருடைய சராசரி ஆண்டுதோறும் இறங்கியது: 29, பிறகு 26.2, பிறகு 24. மூன்று ஆண்டிலும் தேசியப் பட்டம் அணிக்குக் கிடைத்தது. ஆடியவை 90, தோற்றவை 2.

1969 டிசம்பரில் மாராவிச்சின் அணி அங்கே விருந்தாளியாகப் போயிற்று. அல்சிண்டர் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார். ஆனாலும் 133க்கு 84 என்று லூயிசியானா தோற்றது. 1970 பட்டமும் உடனின் அணிக்கே. 1964 முதல் 1975 வரை 12 ஆண்டில் 10 பட்டங்கள்.

கூட்டு ஆட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அதே கல்லூரியில் ஸ்வென் நேட்டர் என்ற உயரமான வீரர் இருந்தார். அவருடைய இடத்தில் பில் வால்டன் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தபடியால், தொடக்க ஐவரில் ஒருமுறைகூட நேட்டருக்கு இடம் கிடைக்கவில்லை. 1973ல் தொழில்முறை அணிகள் அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தன. முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். பெஞ்சில் கழிந்த அந்த ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தர முடியும்? மாராவிச்சோ 1970ல் அட்லாண்டா அணியுடன் ஏறத்தாழ 19 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். கல்லூரியில் எடுத்த புள்ளிகள்தான் அந்தத் தொகையை வாங்கித் தந்தன. சம்பளக்காரக் குடும்பத்துப் பையன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்டால், உடனே பதில் சொல்வது கஷ்டம்.

மாராவிச் 1988ல் தமது 40வது வயதில், நண்பர்களுடன் பந்தாடிக் கொண்டிருந்தபோது இறந்தார். 2023ல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் அன்டுவான் டேவிஸ் ஐந்து ஆண்டு, 144 ஆட்டம் ஆடி 3,664ல் நின்றார். சாதனைக்கு மூன்று புள்ளி குறைவு. அவருடைய அணி அந்தப் பருவத்தில் வென்றது 14, தோற்றது 19. பருவம் முடிந்த பிறகு நடக்கும் எந்தப் போட்டிக்கும் அழைப்பு வரவில்லை.

மொத்தக் கணக்கைக் கடைசியில் தாண்டியவர் ஒரு பெண்; 2024 மார்ச்சில், அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். மற்றவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதிலும் அவர் முன்னணியில் இருந்தார். அடுத்த மாதம் தேசிய இறுதி ஆட்டத்தில் அவர் 30 புள்ளிகள் எடுத்தார். சவுத் கரோலினா 87, அயோவா 75. சவுத் கரோலினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எடுத்தவை 37 புள்ளிகள். அயோவாவின் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்தது பூஜ்யம்.