1641 வாக்குமூலங்கள்
காகிதத்தில் மையெழுத்து, 31 தொகுதிகள்
டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகம்

1641 அக்டோபரில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்கர்கள் கிளர்ந்தெழுந்தனர். தங்கள் நிலங்கள் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த புராட்டஸ்டன்ட் குடியேறிகளுக்குக் கொடுக்கப்பட்டது அவர்களின் நெடுநாள் மனக்குறை. குடியேறிகள் பலர் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். உடுத்திய துணியும் பறிக்கப்பட்டதால், டப்ளினை நோக்கி நடந்த பலர் வழியிலேயே குளிரிலும் பசியிலும் இறந்தனர். நவம்பரில் போர்ட்டடவுனில் ஏறத்தாழ 100 பேர் பாலத்திலிருந்து பேன் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டனர்.

தப்பி வந்தவர்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்ய அதே ஆண்டு டிசம்பரில் ஹென்றி ஜோன்ஸ் என்ற பாதிரியார் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இழந்த மாடுகள், தானியம், வீட்டுச் சாமான்கள், வராத கடன்கள் ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டன. கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களும் சாட்சி சொன்னார்கள். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக ஓர் அடையாளக் குறியிட்டார்கள். கத்தோலிக்க அண்டைவீட்டார் உணவும் புகலிடமும் தந்து காப்பாற்றியதையும் சிலர் மறக்காமல் பதிவுசெய்தனர்.

கத்தோலிக்க மக்களும் பெருந்துயருக்கு ஆளாயினர். 1642 தொடக்கத்தில் ஐலண்ட்மகீயில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அத்தகைய துயரங்களைத் திரட்டுவது இந்த ஆணையத்தின் பணியாக இருக்கவில்லை. 1652 முதல் கிளர்ச்சியாளர்கள் மீது நடந்த விசாரணைகளில் இந்த ஏடுகள் சான்றாகப் பயன்பட்டன.

1741இல் கல்லூரிக்கு வந்த இத்தொகுப்பில் சுமார் 8,000 ஆவணங்கள் உள்ளன. வரலாற்றில் பெயர் பதியாத எளிய மனிதர்களின் குரலை இவற்றில் கேட்கலாம்.