பச்சை உடம்பின் காவல்

நெடுநேர வேதனைக்குப் பிறகு ஆயுதம் போட்டோ, வயிற்றை அறுத்தோ குழந்தையை எடுக்க நேர்ந்து, ரத்தமும் ஏராளமாகச் சேதப்பட்டு, தாயும் சேயும் பிழைத்ததே தெய்வ கிருபை என்று பெருமூச்சு விட்டபடி அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும் நாளில், ஆரத்தி எடுப்பதும் குழந்தை யார் ஜாடை என்று விவாதிப்பதுமாக வீட்டாருடைய சிரத்தை முழுவதும் சிசுவின் பக்கமே திரும்பிவிடுகிறது. ஆனால் தாய் மெய்யாகவே தேறத் தொடங்குவது அன்றுதான். அந்தப் பொறுப்பு வைத்தியர் கையிலிருந்து குடும்பத்தின் கைக்கு மாறுவதும் அன்றுதான்.

பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய 1 கிலோ எடையிருக்கும் கர்ப்பப்பை, நாளுக்கு நாள் சுருங்கி, 100 கிராமுக்கும் குறைந்த பழைய நிலையை அடைய 6 வாரங்கள் ஆகின்றன. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே புண்ணாக இருந்து ஆற வேண்டும். தையலிட்ட இடம் கூடிவர வேண்டும். இழந்த ரத்தம் ஊற வேண்டும். இதற்காகவே பிரசவத்துக்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள வேண்டுமென்று நம் அரசாங்கம் விதித்திருக்கிறது.

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்லித் தாய்வீட்டில் வைத்து, அடுப்படிப் பக்கம் போகவிடாமல், பூண்டும் கருவாடும் பிரசவ லேகியமும் கொடுத்துப் போஷித்த நம் பாட்டிமாரின் கருணை போற்றத் தக்கது. ஆயினும், வயிறு பெருத்துவிடும் என்று அஞ்சித் தண்ணீரையும் காய்கனிகளையும் மறுக்கும் பத்தியம், பால் கொடுப்பவளின் தாகத்தைப் பெருக்கி, மலச்சிக்கலால் தையலுக்கும் வருத்தம் விளைவிக்கிறது. அவ்வாறே, அறுவை செய்துகொண்டவள் அசையாமல் படுத்தே கிடப்பின் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்துவிடக் கூடுமாதலால், குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமல், வீட்டுக்குள்ளேயே மெல்ல நடமாடுவது அவசியம்.

உணவையும் நடமாட்டத்தையும் போலவே சுத்தமும் முக்கியம். 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் ஜுரம் கண்டு மடிந்துகொண்டிருந்தபோது, பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணமென்று ஊகித்த செம்மல்வைஸ் என்ற வைத்தியர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கைகழுவச் செய்ததும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. சோப்புப் போட்டுக் கைகழுவாமல் தாயைத் தொடாதிருப்பதும், தையலின்மேல் மஞ்சளோ எண்ணெயோ பூசாமல் உலர்வாக வைத்திருப்பதும் அந்தப் பாடத்தின் பலனேயாகும். இவ்வளவு செய்தும் 100.4 டிகிரிக்கு மேல் ஜுரமோ, துர்நாற்றமோ, மணிக்கு ஒரு துணி நனையும் உதிரப்போக்கோ, கண் மங்கும் தலைவலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியுமோ, மூச்சுத் திணறலோ கண்டால், 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று பொழுது விடியக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மனத்துக்கும் காயம் உண்டு. முதல் சில தினங்களில் வரும் அழுகை இயற்கை. அது 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியம் வேண்டிய வியாதி. இல்லாத குரல்கள் கேட்பதாகவோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கிழைக்கத் தோன்றுவதாகவோ அவள் சொன்னால், தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். 'குழந்தைதான் நல்லபடியாக இருக்கிறதே, உனக்கென்ன குறை?' என்று அவள் வாயை அடைக்காமல், பட்ட பயத்தை அவள் சொல்லச் சொல்லக் கேட்டிருப்பதும், இரவில் கணவன் குழந்தையை ஏந்திக்கொண்டு அவளைத் தூங்க விடுவதும் எந்த லேகியத்துக்கும் குறைந்த மருந்தல்ல.

6-ஆம் வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட எல்லோரும் தவறாமல் போகிறோம். அன்றே தாயையும் வைத்தியரிடம் காட்டி, இந்தப் பிரசவத்தில் நேர்ந்தது என்ன, அடுத்த பேற்றில் எதற்கு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, அவளுடைய ஆயுளுக்குக் குடும்பம் செய்யும் கடமையாகும்.